நாற்பத்தொன்றாவது வளைவுக்கு முன்னால்

கொல்லிமலை அடிவாரத்தில் அமானுல்லாவின் பட்டறை இருந்தது. ஒரு தகரக் கூரை, ஒரு புங்கமரம், வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி. அவருக்கு முப்பத்தாறு வயது. அந்த மலையில் ஏறி இறங்கும் வண்டிகளுக்கு பிரேக் வேலை என்றால் அவரிடம்தான் வருவார்கள்.

ஒரு நாள் காலையில் சடையப்பனின் பழைய நீல நிற பிக்கப்பை இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்து வந்தது. முன்பக்கம் இடது மூலை நசுங்கியிருந்தது. சடையப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாக மலையிலிருந்து பலாப்பழமும் அன்னாசியும் இறக்குபவர்.

"பாய், இந்த டிரம் பிரேக்கே எனக்கு வேண்டாம். முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் மாத்தணும்."

"மாத்தலாம்."

"நீங்க மாத்த வேண்டாம். சொல்லிக் குடுங்க. நானே மாத்தறேன்."

அமானுல்லா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஏனுங்ணா?"

"இன்னொருத்தர் முறுக்கின நட்டுன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

"உங்களவிட பதினாறு வயசு சின்னவன் நான். வேலைல தப்புன்னா திட்டுவேன்."

"திட்டுங்க. என் ஊட்டுக்காரி திட்டாததையா திட்டப் போறீங்க?"

"அவங்க வரலீங்களா?"

சடையப்பன் மலையைப் பார்த்தார். "வருவா. நடந்து வருவா."

"நடந்தா? எழுபது வளைவும்?"

"குறுக்குப் பாதையில. மூணு மணி நேரம். பஸ்ல ஏறினா அவளுக்கு வாந்தி. என் வண்டியில ஏற மாட்டேங்கறா. நாலு மாசம் ஆச்சு. கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு அந்தப் பாறை வழியா இறங்கறா, பாய். போன மழையில ஒரு தடவ வழுக்கி விழுந்துட்டா." அவர் நசுங்கிய மூலையைத் தடவினார். "அவ திரும்ப இதுல ஏறணும். அதுக்குத்தான் டிஸ்க்."

அமானுல்லா ஒரு முக்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு? சொல்லுங்க."

"நாப்பத்தொண்ணாவது வளைவு. ஒரே புகை. மிதிச்சா பெடல் அடி வரைக்கும் போகுது, வண்டி நிக்கலை. பள்ளத்துப் பக்கம் விடாம மலைப் பக்கம் ஒடிச்சு இடிச்சேன். அவ இடது கை முறிஞ்சு போச்சு. பலாப்பழம் அத்தனையும் எங்களுக்கு முன்னாடியே அடிவாரத்துக்குக் கிளம்பிருச்சு."

"மலையில வளைவுக்கு நம்பர் கீழயிருந்துதானே? மேலயிருந்து எண்ணினா அது எத்தனாவது?"

சடையப்பன் யோசித்தார். "எழுபதுல ஆரம்பிச்சா... முப்பதாவது."

"அதுக்கு முன்னாடி இருபத்தொம்பது வளைவு இருக்கு. கொஞ்சம் முன்னாடியிருந்து சொல்லுங்க."

"முன்னாடி ஒண்ணும் நடக்கலையே."

அமானுல்லா தலையை ஆட்டினார். "சரி. ஜாக்கியை எடுத்துட்டு வாங்க."

முதல் நாள் சக்கரத்தைக் கழற்றி டிரம்மை வெளியே எடுத்தார்கள். துருப்பிடித்து ஒட்டியிருந்தது. சடையப்பன் சுத்தியலை ஓங்கினார்.

"அடிக்காதீங்க. சுத்திச் சுத்தித் தட்டுங்க. அதுவா வரும்."

அரை மணி நேரம் தட்டிய பிறகு அது வந்தது. அமானுல்லா டிரம்மைக் கவிழ்த்து வெயிலில் காட்டினார். உட்புறம் முழுக்க நீல நீலமாக வளையம் ஓடியிருந்தது. பிரேக் ஷூவின் லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"இது ஏன் நீலமா இருக்கு?"

"சூடாயிருக்கு."

"ஏன் சூடாச்சு?"

"பழசாச்சு, பாய். இருபது வருசத்து டிரம்."

அமானுல்லா அந்த நீல வளையத்தை விரலால் தடவினார். அந்த டிரம்மைத் துடைத்து, ஆயுதபூஜைப் பொட்டு இன்னும் அழியாமல் இருந்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸுக்குப் பக்கத்தில், அலமாரியில் வைத்தார்.

"தூக்கிப் போட மாட்டீங்களா?"

"இருக்கட்டும். அது இன்னும் பேசி முடிக்கலை."

வேலை மூன்று வாரம் நடந்தது. இதே மாதிரியில் பின்னால் வந்த ஒரு வண்டியை உடைத்த இடத்திலிருந்து முன் அச்சு நுனிகளையும் டிஸ்க்கையும் அமானுல்லா வாங்கி வந்தார். சடையப்பன் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவினார். டிஸ்க்கைக் கவ்வும் காலிபரின் போல்ட்டை முறுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார்.

"போதும்ணா."

"இன்னும் கொஞ்சம்."

"இன்னும் கொஞ்சம் முறுக்கினா மரை போயிரும். அப்புறம் எதுவுமே பிடிக்காது."

"பயமா இருக்கு பாய்."

"பயத்துக்கெல்லாம் போல்ட் முறுக்க முடியாது. அளவுக்குத்தான் முறுக்கணும்."

மறுபடி ஒரு நாள், டீ குடிக்கும்போது அமானுல்லா கேட்டார். "அன்னிக்கு என்ன நடந்துச்சுங்ணா?"

"அதான் சொன்னேனே. நாப்பத்தொண்ணாவது வளைவு, ஒரே புகை..."

"முன்னாடியிருந்து."

"முன்னாடி எல்லாம் எப்பவும் போலத்தான்."

அமானுல்லா டீயைக் குடித்து முடித்தார்.

வாரத்தில் இரண்டு நாள் சடையப்பனின் மனைவி பாவாயி மலையிலிருந்து நடந்து இறங்கி வருவாள். தலையில் கூடை, கூடையில் தேனும் மிளகும். அடிவாரச் சந்தைக்குப் போகிற வழியில் பட்டறைப் புங்கமரத்தடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்பாள். முறிந்த கை கூடியிருந்தது. ஆனால் சொம்பை வலது கையால்தான் வாங்குவாள்.

வண்டிக்கு அடியில் இருந்து கணவரின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பாவாயி அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங் பாய், உங்க பள்ளிக்கூடத்துல இவரு தேறுவாருங்களா?"

"தேறிருவாருங்க்கா."

"எதுல?"

"நட்டு முறுக்கறதுல."

"அது சரி. அவரு முறுக்கு எனக்குத் தெரியாதா."

வண்டிக்கு அடியிலிருந்து சடையப்பன் கத்தினார். "அடுத்த வாரம் வண்டி ரெடி. நீ ஏறத்தான் போற."

"முதல்ல நீங்க எந்திரிச்சு வாங்க. கிரீஸ் பூசின கரடி மாதிரி இருக்கீங்க."

அமானுல்லா சொம்பை வாங்கிக்கொண்டார். குரலைத் தாழ்த்தாமல்தான் கேட்டார். "அன்னிக்கு என்ன நடந்துச்சுங்க்கா?"

பாவாயி அந்தக் கால்களை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவை அசையவில்லை.

"அவரே சொல்லட்டுங்க பாய்" என்றாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியாக பிரேக் பூஸ்டர் வந்தது. சட்டி மாதிரி உருண்டையாக, கறுப்பாக இருந்தது. சடையப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய பிரேக்குல இது இல்லையே."

"பழசுக்கு வேண்டியதில்லை. டிரம் சுத்துற வேகத்துலயே ஷூ தானா உள்ள இழுத்துக்கிட்டுக் கவ்வும். டிஸ்க் அப்படி இல்லை. நீங்க எவ்வளவு அமுக்கறீங்களோ அவ்வளவுதான். வெறும் கால் பத்தாது. காலுக்குத் துணை வேணும். அதுதான் இது."

"இதுக்குத் துணை?"

"என்ஜின். அது ஓடினாத்தான் இது காத்தை இழுக்கும்."

பொருத்தி முடித்து, பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் இருந்த காற்றையெல்லாம் வெளியே எடுத்தார்கள். அமானுல்லா வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார்.

"மிதிங்க."

"வெண்ணெய் மாதிரி இருக்கு பாய்!"

"இப்ப அணைச்சுட்டு மிதிங்க."

சடையப்பன் சாவியைத் திருப்பினார். ஒரு தடவை மிதித்தார், பெடல் இறங்கியது. இரண்டாவது தடவை கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது தடவை கல் மாதிரி நின்றது.

"என்ன புரிஞ்சுது?"

"என்ஜின் அணைஞ்சா பிரேக் பிடிக்காது."

"பிடிக்கும். உங்க கால் பத்தாது. நல்லாப் புரிஞ்சுதா?"

"இதுல என்ன பாய் இருக்கு? சின்னப் பிள்ளைக்குக்கூட புரியும்."

"சரி" என்றார் அமானுல்லா.

மறுநாள் சமதரையில் மெதுவாக ஓட்டி ஓட்டி நிறுத்தினார்கள். முப்பது தடவை. புது பிரேக் பேட் டிஸ்க்கில் படிய வேண்டும் என்று அமானுல்லா சொன்னார். முப்பது தடவையும் அவர் இடது சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். எந்த வண்டியையும் அவர் தானே ஓட்டிப் பார்ப்பதில்லை என்பது மலை முழுக்கத் தெரியும்.

"நீங்க ஒரு தடவ ஓட்டிப் பாருங்களேன் பாய்."

"ஓட்டுறவனுக்கு எப்பவும் வண்டி நல்லாத்தான் ஓடும். சத்தம் கேக்கணும்னா இந்தப் பக்கம் உக்காரணும்."

சந்தை நாளன்று அதிகாலையில் மலை ஏறினார்கள். வண்டி காலியாக இருந்தது. அமானுல்லா ஏறும்போது கையில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் முக்கோணக் கட்டை. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "டிஸ்க் போட்ட வண்டிக்குக் கட்டை எதுக்கு பாய்?"

"கனமில்லையே. இருக்கட்டும்."

நாற்பத்தொன்றாவது வளைவில் மலைப் பக்கத்துப் பாறையில் நீலப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. சடையப்பன் அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினார்.

மேலே, இறக்கம் தொடங்கும் முக்கில், பாவாயி அன்னாசிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பழத்தை வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவள் தன் கூடையைத் தனியாகக் கட்டி வைத்திருந்தாள்.

"வண்டி வந்துருச்சு பார்த்தியா? இனி பயமே வேண்டாம்" என்றார் சடையப்பன். "நெனச்ச இடத்துல நிக்கும். ஏறு."

"பழம் ஏறட்டும். நான் நடந்து வரேன்."

"இவ்வளவு செஞ்சுமா?"

 பாவாயி தலையில் வைக்கச் சும்மாட்டைச் சுருட்டினாள்.

"லோடு ஏத்துங்க" என்றார் அமானுல்லா. "ஆனா மலை இறங்கறதுக்கு முன்னாடி, லோடோட ஒரு தடவ சந்தைத் திடல் இறக்கத்துல பார்த்துருவோம்."

மலைமேலேயே இருந்த பழைய சந்தைத் திடலுக்கு முன்னால் ஒரு சின்ன இறக்கம் இருந்தது. அது முடிந்ததும் நேராக ஒரு மேடு. பள்ளம் இல்லை, வளைவும் இல்லை. அந்த நேரத்தில் அங்கே ஆளும் இல்லை.

அன்னாசியை நிரப்பிக்கொண்டு வண்டி இறக்கத்தின் தலைக்கு வந்தது. அமானுல்லா கண்ணை மூடிக்கொண்டார். கட்டை மடியில் இருந்தது. ஒரு கை ஹேண்ட் பிரேக்கின் மேல் இருந்தது.

வண்டி இறங்கத் தொடங்கியது. சடையப்பன் ஒரு தடவை மிதித்தார். நன்றாகப் பிடித்தது. "பாருங்க பாய்!" என்றார். விட்டார். இன்னொரு தடவை மிதித்தார். பிடித்தது. விட்டார். வண்டி வேகம் எடுத்தது. மூன்றாவது தடவை மிதித்தார்.

பெடல் இறங்கவில்லை.

"பாய்... பாய், பிடிக்கலை!" இரண்டு காலையும் வைத்து ஊன்றினார். சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "கல்லு மாதிரி இருக்கு! பாய்!"

"நேரா பிடிங்க. மேடு வருது."

வண்டி மேட்டில் ஏறி, வேகம் குறைந்து, தயங்கியது. அமானுல்லா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கதவைத் திறந்து இறங்கி, பின்சக்கரத்துக்குக் கீழே கட்டையைச் செருகினார். வண்டி கட்டையில் சாய்ந்து நின்றது.

எங்கும் ஒரு சத்தமும் இல்லை. சடையப்பன் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். 

அமானுல்லா ஜன்னலருகே வந்து நின்றார்.

"என்ன நடந்துச்சுங்ணா?"

"பெடல் கல்லு மாதிரி ஆயிருச்சு. மிதிச்சா..."

"கொஞ்சம் முன்னாடியிருந்து."

"ரெண்டு தடவ பிடிச்சது. மூணாவது தடவ..."

"இன்னும் கொஞ்சம் முன்னாடியிருந்து."

சடையப்பன் வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கு அந்த அமைதி காதில் விழுந்தது. என்ஜின் ஓடவில்லை. அவர் கீழே பார்த்தார். சாவி திரும்பியிருந்தது. அவருடைய இடது கை ஸ்டீயரிங்கில் இருந்தது. வலது கை இன்னும் சாவியின் மேல்தான் இருந்தது.

"நான் எப்ப அணைச்சேன்?"

"இறக்கத்தோட தலையில."

"நான் அணைக்கவே இல்லையே பாய்."

"நான் அணைக்கலை."

சடையப்பன் கையைச் சாவியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

அந்த மலையில் இறக்கம் வந்தால் எல்லோரும் வண்டியை அணைத்து விடுவார்கள். டீசல் மிச்சம். சடையப்பனின் அண்ணன் அப்படித்தான் இறக்கினார், சடையப்பனுக்கு வண்டி கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் இறக்கினார். கியர் நியூட்ரல், சாவி அணைப்பு, பிறகு வண்டியைப் பிடிக்க என்ஜினும் கியரும் இல்லை, முழுக்க பிரேக்தான். யாரும் அதை ஒரு காரியமாக நினைத்ததில்லை. மூச்சு விடுவதை யாரும் சொல்வதில்லையே.

சடையப்பன் சாவியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கும் முக்குலயே அணைச்சுட்டேன் பாய். எழுபதாவது வளைவுக்கு முன்னாடியே. லோடு ஜாஸ்தி. அங்கயிருந்து நாப்பத்தொண்ணு வரைக்கும் பிரேக்குலயேதான் வந்தேன்."

அமானுல்லா கேட்டுக்கொண்டிருந்தார்.

"டிரம் நீலமா இருந்தது அதனாலதான், இல்லீங்களா?"

"ம்."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே, பாய். மூணு வாரம் மாடா உழைச்சேனே."

"முதல் நாளே கேட்டனே."

சடையப்பன் முகத்தைத் துண்டால் துடைத்தார். "அப்ப டிஸ்க் தேவையே இல்லையா?"

"டிஸ்க் நல்லதுதான். சூடு சீக்கிரம் ஆறும். மழையில நல்லாப் பிடிக்கும். இருக்கட்டும்." அமானுல்லா குனிந்து கட்டையை எடுக்கத் தயாரானார். "ஸ்டார்ட் பண்ணுங்க. அக்கா நடக்க ஆரம்பிச்சுரப் போறாங்க."

முக்குக்குத் திரும்பியபோது பாவாயி கூடையைத் தலையில் ஏற்றியிருந்தாள். குறுக்குப் பாதையின் முதல் பாறையில் ஒரு கால் வைத்திருந்தாள்.

சடையப்பன் வண்டியை நிறுத்தினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய் அவள் முன்னால் நின்றார். வண்டியில் இருந்த அன்னாசிப் பழத்தைப் பார்த்தார்.

"என்ன? பிரேக் பிடிச்சுதா?"

"பாவாயி, அன்னிக்கு இந்த இடத்துல சாவிய அணைச்சுட்டேன்."

பாவாயி பாறையிலிருந்து காலை எடுத்தாள்.

"லோடு ஜாஸ்தியா இருந்துச்சு. அணைச்சிருக்கக் கூடாது. பிரேக் மேல தப்பில்லை."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்? 'அணைக்காதீங்க, லோடு ஏறிக்கிடக்குது'ன்னு சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். நீங்க பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வெச்சீங்க."

சடையப்பனுக்கு நினைவு வந்தது. அது அவர் முகத்தில் தெரிந்தது.

"ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் பிரேக் போச்சு, பிரேக் போச்சுன்னு சொன்னீங்க. டிரம் சரியில்லைன்னீங்க. ரோடு சரியில்லைன்னீங்க. சரி, எத்தனை நாளைக்குச் சொல்றாருன்னு பாப்போம்னு நானும் நடந்தேன்." அவள் கூடையை இறக்கினாள். "அந்தப் பாட்டும் ஒண்ணும் நல்ல பாட்டு இல்லை."

"இன்னிக்கும் அணைச்சேன்" என்றார் அவர். "இப்ப, திடல் இறக்கத்துல. கை தானா போயிருச்சு. எனக்கே தெரியலை. எனக்குப் பயமா இருக்கு பாவாயி."

பாவாயி அவர் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு கூடையை இரண்டு கையாலும் தூக்கி வண்டியின் பின்னால் வைத்தாள். முறிந்து கூடிய இடது கை வலித்தது. அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.

அமானுல்லா இடது கதவைத் திறந்து வைத்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்ததும், முக்கோணக் கட்டையை அவள் மடியில் வைத்தார்.

"இது எதுக்குங் பாய்?"

"அவருக்குத் தெரியும்."

அமானுல்லா பின்னால் போய் அன்னாசிக் குவியலின் மேல் ஏறினார். முள்ளு முள்ளாகக் குத்தியது. ஒரு சாக்கை இழுத்து விரித்துக்கொண்டார்.

சடையப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "பாய், நீங்க முன்னாடியே வாங்க. மூணு பேரும் நெருக்கி உக்காரலாம். எழுபது வளைவு. பிரேக் எப்படியிருக்குன்னு யார் பார்க்கறது? சத்தம் யார் கேக்கறது?"

அமானுல்லா சாக்கின் மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இடது சீட்டுக்கு ஆள் வந்தாச்சுங்ணா. எனக்குத் தூக்கம் வருது."

வண்டி நகர்ந்தது. எழுபதாவது வளைவு இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை.

"மெதுவா" என்றாள் பாவாயி.

சடையப்பன் சாவியைத் தொடவில்லை. இரண்டாவது கியருக்கு மாற்றினார்.